ஆட்டு விதையில் ஏறாத நிறம்

நான் கறிக்கடைக்குப் போய் ஆட்டு விதை வாங்கியது எங்கள் தெரு முழுக்கத் தெரியும். எதற்கு வாங்கினேன் என்பதுதான் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கறி வேண்டுமென்றால் சுற்றுவழியில் வேறு கடைக்குப் போகிறார். அவருக்காகவாவது நடந்ததை எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன்.

தேனியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில், திசுப் பிரிவில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஆபரேஷனில் வெட்டியெடுத்த சதை எங்களிடம் பாட்டிலில் வரும். அதை மெழுகில் பதித்து, மெஷினில் வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவது டாக்டரம்மாவின் வேலை. அவர் பெரியகுளத்திலிருந்து தினமும் கார் ஓட்டிக்கொண்டு வருவார். என்னை விடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் வீட்டில் பிறந்தவள். காயை உள்ளங்கையில் அள்ளியதுமே தரம் சொல்லிவிட வேண்டும், யோசித்துக்கொண்டு நின்றால் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துப் போய்விடுவார். அந்த அவசரம் எனக்குப் பிறப்பிலேயே உண்டு. கொஞ்சம் பொறு என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

போன வருஷம்தான் எங்கள் கூடத்தில் புரதச் சாயம் போட ஆரம்பித்தோம். அதற்கு முன்பு மதுரைக்கு அனுப்பிவிட்டு நாள் கணக்கில் வாய் பார்த்துக்கொண்டிருப்போம். சாதாரணச் சாயத்தில் எல்லாமே நீலமும் ரோஸுமாகத் தெரியும். இது அப்படியில்லை. சின்னக் குப்பியில் ஒரு மருந்து வரும். அது ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும், வேறு எதையும் தொடாது. அது பிடித்த இடமெல்லாம் கடைசியில் பழுப்பாகும். எந்தச் செல்லில் அந்தப் புரதம் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். முதல் நாள் அந்தப் பழுப்பைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷம் இந்தச் சதைகளோடு பழகியும் அவை என்னிடம் பேசியதே இல்லை, இப்போதுதான் வாயைத் திறக்கின்றன என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

சாயம் ஏற்றுவதற்கு முன்னால் கண்ணாடித் துண்டுகளை அழுத்தத்தில் வேக வைக்க வேண்டும். அதற்கென்று தனி மெஷின் உண்டாம். எங்களிடம் இருப்பது வீட்டில் பருப்பு வேக வைக்கும் அதே பிரஷர் குக்கர்தான். விசில் வந்ததும் முன்னறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே சமையல் நடக்கிறதென்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை அப்பாவும் மகனுமாக இரண்டு பேர் வந்தார்கள். தேவாரத்துக்குப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். அப்பா கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதற்குள் ஒரு சின்ன பாட்டில். மகனுக்கு முப்பதுக்குள் இருக்கும். கட்டி இருந்ததால் இடது பக்க விரையை எடுத்து, அதில் ஒரு துண்டை எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் காலை அகட்டி அகட்டி நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எப்ப ஆத்தா ரிசல்ட்டு சொல்லுவீக?" என்று அப்பா கேட்டார். மூன்று நான்கு நாள் ஆகும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்க வெளியே போனார். அவர் போனதும் மகன் எழுந்து என் ஜன்னலுக்கு வந்தார்.

"யக்கா, அடுத்த வெள்ளிக்கெழம எனக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுக்குறாக. இது ஆள முடிச்சிரும்னா அதுக்கு முன்னாடி சொல்லிருங்க. நானே நிறுத்திப்புடுறேன்."

"பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?"

"எங்க ஆத்தாவுக்கே தெரியாது. எல்லார்கிட்டயும் குடலிறக்கம்னு சொல்லி வச்சிருக்கோம். பூ வச்சு முடிச்சாச்சு. அந்தப் புள்ளையக் கட்டிட்டு வந்து நடுத்தெருவுல விட முடியாதுக்கா."

வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். டாக்டரம்மாவைக் கேட்காமலே கொடுத்தேன். அதுதான் நான்.

சனிக்கிழமை சாதாரணச் சாயம் போட்டுக் கொடுத்ததும் டாக்டரம்மா ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். புற்றுநோய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எது என்பதில் இழுபறி. விந்தை உண்டாக்கும் தாய்ச் செல்களிலிருந்தே கிளம்பும் செமினோமா என்று ஒன்று உண்டு. இந்த வயதில் அதிகம் வருவது அதுதான். ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை என்பதால், அதுவாக இருந்தால் ஆள் பிழைத்துக்கொள்வார். இன்னொன்று நிணநீர்ப் புற்று. அதற்கு வைத்தியம் நீளும், உறுதியாக எதையும் சொல்ல முடியாது. துண்டு நன்றாக இருந்திருந்தால் பார்த்ததுமே சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் யாரோ அவசரத்தில், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலினுக்குப் பதிலாக வெறும் சலைன் தண்ணியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். செல்லெல்லாம் ஊதி, ஓரம் கலங்கிக் கிடந்தது.

"புரதச் சாயம் போட்டுப் பாத்துருவோம் டாக்டர்," என்றேன்.

இதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. நல்ல விரையில் நுண்ணிய குழாய்கள் சுருள் சுருளாக இருக்கும். அந்தக் குழாயின் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் தாய்ச் செல்களில் அந்தப் புரதம் இருக்கும். அவற்றிலிருந்து கிளம்பிய புற்றிலும் இருக்கும். நிணநீர்ப் புற்றில் இருக்காது. பழுப்பு ஏறினால் செமினோமா, ஏறாவிட்டால் மற்றது. அன்றைக்கே குக்கரை ஏற்றினேன். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெறும் நீலம். ஒரு பழுப்புப் புள்ளி கூட இல்லை.

அப்படியென்றால் நிணநீர்ப் புற்றுதான் என்றேன். டாக்டரம்மா மட்டும் அசையவில்லை. "அவசரப்படாதீங்கக்கா. புரதம் நிஜமாவே இல்லையா, இல்ல துண்டு கெட்டுப்போனதால நிறம் ஏறலையா, இல்ல மருந்தே வேலை செய்யலையா? ஒரு நல்ல விரைத் திசுவும் கூட இருந்து, அதுல பழுப்பு ஏறினாத்தான் மருந்தையாவது நம்பலாம்."

நல்ல விரைத் திசுவுக்கு எங்கே போவது? கெட்டுப்போன ஈரல், குடல்வால், பித்தப்பை எல்லாம் எங்கள் அலமாரியில் மெழுகுக்கட்டியாக வரிசையாக இருக்கிறது. நன்றாக இருக்கிற விரையை எந்த மனுஷன் வெட்டிக் கொடுப்பான்? மதுரையில் தெரிந்த ஒரு கூடத்தில் கேட்டோம். அடுத்த வாரக் கடைசியில் அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொறுங்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். கொக்கியில் தொங்கிய கிடாயைப் பார்த்ததும் மின்னல் அடித்த மாதிரி ஒரு யோசனை வந்தது. விரை என்றால் விரைதானே, ஆட்டுக்கும் குழாய் உண்டு, சுவர் உண்டு, தாய்ச் செல்லும் உண்டு. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

"அரைக் கிலோ கறி, அப்புறம் அந்த வெதை ஒண்ணு," என்றேன்.

கடைக்காரர் கத்தியை நிறுத்தினார். "வெதையா? என்னக்கா, அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையா?"

"அவருக்கு இல்லய்யா, எனக்கு வேணும்."

கூட்டத்தில் ஒருவர் இருமினார். "இதுல வெக்கப்பட என்ன இருக்கு," என்று கடைக்காரர் பெரிய மனசோடு சொன்னார். "மொளகு போட்டு வறுத்துக் குடுங்க. ஒரே வாரத்துல ஆளு எந்திரிச்சிருவாக. நம்ம கடையில நெறையப் பேரு சொல்லி வச்சு வாங்கிட்டுப் போறாக."

"நல்லதா, புதுசா, இளசா குடுங்க. நசுங்கியிருக்கக் கூடாது," என்று வேறு சொல்லித் தொலைத்தேன். வாங்கிக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போய், சாவி வாங்கித் திறந்து, இரண்டாக அறுத்து ஃபார்மலினில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். நான் வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். "எனக்கு என்னாடி கொறச்சல்?" என்றார். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன், சிரிப்புத்தான் வந்தது. நான் சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கோபம் கூடியது.

செவ்வாய்க்கிழமை ஆட்டுத் திசுவையும் அந்த மகனின் திசுவையும் ஒரே கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, குக்கரில் ஏற்றி, சாயம் போட்டேன். ஆட்டுக் குழாய்கள் அம்சமாகத் தெரிந்தன. ஆனால் அதிலும் வெறும் நீலம்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிக் குப்பியைக் குப்பையில் போடப் போனேன். டாக்டரம்மா கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம். இது யாரோட விரைக்கா? இவ்வளவு பெரிய குழாயா இருக்கு?"

"நல்ல வெதைதான் டாக்டர், நானே பாத்து வாங்குனேன்," என்றேன்.

"வாங்கினீங்களா?"

சொன்னேன். டாக்டரம்மா அடக்கிக்கொண்டுதான் கேட்டார், கடைசியில் முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குப்பியோடு வந்த காகிதத்தை விரித்துக் காட்டினார். மனிதத் திசுவில் மட்டுமே சோதித்துப் பார்த்த மருந்து என்று அதில் இருந்தது. ஆட்டில் அதே வேலையைச் செய்யும் புரதம் இருந்தாலும் அதன் அமைப்பு கொஞ்சம் வேறாக இருக்கலாம், மருந்துக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். ஆடு எங்களுக்கு நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. மூன்று நாள் போனதுதான் மிச்சம். எனக்கு என் கன்னத்திலேயே இரண்டு போடத் தோன்றியது.

"ஊருல இருக்க விரை எதுக்குக்கா," என்று டாக்டரம்மா யோசித்துக்கொண்டே சொன்னார். "அவரோடதுலயே கட்டியச் சுத்தி நல்ல திசு கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். நமக்கு வந்த துண்டுல அது இல்ல. மீதி எங்க போச்சு?"

அந்த நிமிஷமே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா, மிச்சத்த டாக்டரு ரெண்டா வகுந்து பெரிய ஜாடியில ஏதோ மருந்துத் தண்ணி ஊத்திக் குடுத்தாக. மதுரையில கேட்டாலும் கேப்பாக, பத்திரமா வச்சிருங்கன்னு சொன்னாக. தோட்டத்துல பம்ப்செட் ரூம்ல வச்சிருக்கேன். வீட்டுப் பொம்பளைக அங்கன வர மாட்டாக."

மருந்துத் தண்ணி மூக்கைக் குத்துகிறதா, கண்ணில் நீர் வருகிறதா என்று கேட்டேன். "யாத்தே, தெறக்கவே முடியலையே," என்றார். ஃபார்மலின். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். அவர் வழியில் எங்காவது கொட்டிவிட்டால் என்ன செய்வது? புதன்கிழமை காலையில் முதல் வேலையாக நானே போடி வழியாக தேவாரம் பஸ் ஏறினேன்.

தோட்டத்தில் காய் பிடித்துப் பந்தல் முழுக்கத் தொங்கியது. குனிந்து குனிந்து உள்ளே போனால், மோட்டார் ரூம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் மகன் உட்கார்ந்திருந்தார். அப்பா பூச்சிமருந்து டின்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, பின்னாலிருந்து ஜாடியை எடுத்தார். இரண்டு பழைய துணி சுற்றிக் கட்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். நன்றாகப் பிளந்து, மருந்து உள்ளே ஊறி, சதை கெட்டியாகச் சாம்பல் நிறத்தில் இருந்தது. கட்டிக்கு ஓரத்தில், தேன் நிறத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு பிறை. அதுதான் நல்ல திசு. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

"சொல்லுற மாதிரி இருக்காக்கா?" என்று மகன் கேட்டார்.

"வெள்ளிக்கெழம சொல்லுறேன்."

"சரி. மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சா அச்சாபீசுக்குப் போகாம நிறுத்திருவேன். அந்தப் புள்ளைக்குக் காரணம் ஏதாச்சும் சொல்லிக்கிடலாம்."

எனக்கு அதுவரை இருந்த சந்தோஷமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "ஏன்ய்யா, கல்யாணம் உனக்கு மட்டுமா? கட்டிக்கிடப் போறது அந்தப் புள்ள. அது இருக்கணுமா போகணுமான்னு நீயே முடிவு பண்ணுவியா? மொதல்ல போய் அதுகிட்ட உண்மையச் சொல்லு. நான் ரிசல்ட்டு சொல்லுறதுக்கு முன்னாடி சொல்லு. அப்புறமா சொன்னா அதுக்குப் பேரு உண்மை இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பந்தலைப் பார்த்தார். பிறத்தியார் வீட்டு விஷயத்தில் இவ்வளவு பேசியிருக்க வேண்டாம் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மத்தியானமே டாக்டரம்மாவும் நானும் கட்டியும் நல்ல பிறையும் ஒரே துண்டில் வருகிற மாதிரிப் பார்த்து அறுத்தோம். மறுநாள் மெழுகில் பதித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் சீவினேன். இரண்டு கண்ணாடி தயார் செய்தேன். ஒன்று பழைய புரதத்துக்கு. இன்னொன்று டாக்டரம்மா எடுத்துக் கொடுத்த வேறொரு புரதத்துக்கு. அது வயிற்றுக் குழந்தையின் விரைச் செல்களில் இருக்குமாம், பிறந்து வளர வளர மறைந்துவிடுமாம். வளர்ந்த ஆளின் நல்ல விரையில் இருக்கவே கூடாது. செமினோமா வந்தால் மட்டும் அது திரும்பவும் தலைகாட்டும்.

குக்கரில் விசில் வந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகன் வந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், மடியில் ஒரு தோல் பை. சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று பிறகு தெரிந்தது. ஆக, சொல்லிவிட்டார். நான் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.

கடைசிச் சொட்டு ஊற்றி, கழுவி, ஈரத்தோடு கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் ஓரத்தைத்தான் தேடினேன். நல்ல குழாய்கள் வட்டம் வட்டமாக வந்தன. ஒவ்வொரு வட்டத்திலும், சுவரை ஒட்டி மட்டும், பழுப்புப் பொட்டுகள். எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மட்டும். மருந்து வேலை செய்கிறது. கண்ணாடியை மெல்ல நகர்த்தினேன். குழாய்கள் முடிந்து கட்டி ஆரம்பித்தது. பழுப்பு. திரும்பின பக்கமெல்லாம் பழுப்பு. இரண்டாவது கண்ணாடியை வைத்தேன். ஓரத்துக் குழாய்களில் சுத்தமாக ஒன்றுமே இல்லை. கட்டியில் ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பழுப்பு. ஒரே ஆளின் ஒரே சதை, நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம், நடுவில் கோடு கிழித்த மாதிரி. நான் கத்தினேன் என்று டாக்டரம்மா சொல்கிறார். எனக்கு நினைவில்லை. அவர் ஓடி வந்து பார்த்தார், சாதாரணச் சாயம் போட்ட கண்ணாடியையும் ஒருமுறை சரிபார்த்தார், நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். செமினோமா.

டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். புற்றுதான், ஆனால் இது வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிற ரகம். இன்னும் கொஞ்சம் சிகிச்சை இருக்கலாம், வருஷக்கணக்கில் விடாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். குடும்பம் நடத்த மீதமிருக்கிற ஒரு விரையே போதும், ஆனாலும் குழந்தை பெறுவதைப் பற்றிப் பெரிய டாக்டரிடம் சிகிச்சைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். மகன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் அழவில்லை.

"நான் பாக்கலாமா?" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். உட்கார வைத்தேன். "எது நல்லது?"

"அந்த ஓரத்துல, வட்டம் வட்டமா இருக்குல்ல, அது."

ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள்.

"சந்தோஷமா பத்திரிகை அடிக்கக் குடுங்க," என்றேன். "இப்பப் போனாக்கூட இன்னைக்கே வேலைய ஆரம்பிச்சிருவாக."

அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு புதன்கெழம சாயங்காலம் வந்து எல்லாத்தையும் சொன்னாரு. ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் முடிவு பண்ணுவோம்னாரு. ரிப்போர்ட்டுக்கா நான் கழுத்த நீட்டப் போறேன்? வியாழக்கெழமையே அச்சாபீசுல நின்னு அடிச்சு வாங்கிட்டேன்."

மகன் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரிகிறது. அவள் மடியில் இருந்த தோல் பையைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது முன்னறையில் அவள் மடியில்தான் இருந்திருக்கிறது. உறையில் பேனாவால், ‘லேப் அக்கா குடும்பத்துடன்’ என்று எழுதியிருந்தது.